வெர்லீனைத் திரும்பக் கொண்டுபோய் விட்டது

வெர்லீன் காரின் பின் இருக்கையில் ஏறிக்கொண்டாள். அவளுக்காக முன்கதவைத் திறந்து பிடித்திருந்த டாக்டர் வேட், சற்று நின்றுவிட்டு அதை மெதுவாகச் சாத்தினார். 1960, மார்ச் மாதம். கறுப்பர்களுக்கென்று அமெரிக்காவின் அந்தத் தென் மாநிலத்தில் இருந்த பல்கலைக்கழகத்துக்கு அவர் தலைவராகிப் பதினோராவது வருடம்.

வெள்ளையர்கள் மட்டும் உட்காரும் சாப்பாட்டுக் கடையில் அவருடைய மாணவர்கள் ஒன்பது பேர் போய் உட்கார்ந்து காபி கேட்டிருந்தார்கள். அவர்களை நீக்காவிட்டால் பல்கலைக்கழகத்தையே மூடிவிடுவோம் என்று மாநில அரசின் மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்தது. மிச்சமிருக்கும் எண்ணூறு பிள்ளைகளை நினைத்துத்தான் கையெழுத்துப் போட்டேன் என்று மனைவியிடம் சொன்னார். ஒன்பது கடிதங்களில் ஒன்றில்கூடத் தன் பேனா தயங்கவில்லை என்பதைச் சொல்லவில்லை.

மற்ற எட்டுப் பேரை வீட்டார் வந்து அழைத்துப் போய்விட்டார்கள். வெர்லீன் வீட்டில் கார் கிடையாது. இரண்டு வருடம் முன்பு அந்தப் பருத்திக்காட்டு வீட்டுக்கு அவரே போய், "பொண்ண என்னை நம்பி அனுப்புங்க" என்று கேட்டு அழைத்து வந்திருந்தார்.

பாதி வழியில் அவள் பேசினாள். "கையெழுத்துக்கு முன்னாடி எங்களக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, சார்?"

"கேட்டிருந்தா போட்டிருக்க முடியாதும்மா."

கார் பருத்திக்காட்டு வீட்டின் முன் போய் நின்றது.

அவள் அப்பா ஓபி, மண் கையைத் துடைத்துக்கொண்டே வந்து எல்லாவற்றையும் கேட்டார். "ஜெயிலுக்குப் போகாம வீட்டுல கொண்டாந்து சேத்துட்டீங்களே. அதுவே பெருசு, டாக்டர்."

வழியெல்லாம் வசவுக்குத் தயாராகி வந்தவருக்கு அது தாங்கவில்லை. "என்னத் திட்டிடுங்க, ஓபி."

"அதெல்லாம் வெர்லீன் பாத்துக்குவா. நீங்க சாப்பிட வாங்க."

வெர்லீனின் அம்மா அவருக்கும் ஒரு தட்டு வைத்தாள். ஜெபம் சொல்லும்படி மகளிடம் ஓபி சைகை காட்டினார்.

"ஆண்டவரே," என்று வெர்லீன் தொடங்கினாள். "ஸ்கீட்டர், பிக் டாட், ஜூன்..." நண்பர்கள் எட்டுப் பேரையும் விடுதியில் கூப்பிடும் செல்லப் பெயர்களால் சொல்லி, அவர்களைக் காக்கும்படி கேட்டாள். கடிதங்களில் தட்டச்சான முழுப்பெயர்கள் மட்டுமே டாக்டர் வேட்டுக்குத் தெரியும்.

ஆமென் சொல்லி மற்றவர்கள் கண்ணைத் திறந்தார்கள். அவரது தட்டில் பீன்ஸ் விழுந்தது, சூடான சோளரொட்டி விழுந்தது. அந்த முழுப்பெயர்களில் பிக் டாட் யாராக இருக்கும் என்று தேடியபடி, அவர் கண்களை மூடியே உட்கார்ந்திருந்தார்.