இரண்டு விரலுக்குள் கம்பெனி பஸ்

தூரத்தில் இருப்பதைச் சின்னதாகப் போட வேண்டும் என்று பால்வாடிப் பிள்ளைகளுக்குப் படம் சொல்லிக்கொடுத்தது சசிரேகா டீச்சர்தான். கரும்பலகையோடு விட்டாளா? வாசலில் நிறுத்தி, செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பிய கம்பெனி பஸ்ஸையும் காட்டினாள்.

"ஒரு கண்ண மூடிக்கினு, ரெண்டு வெரலால பஸ்ஸப் புடிங்க பாக்கலாம்."

ஒரகடம் ரோட்டில் போகப் போகச் சிறுத்த பஸ்ஸைப் பிள்ளைகள் பிடித்துப் பிடித்துச் சிரித்தார்கள். நாலு வயது சுவாதியும் பிடித்தாள். பிடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது, அதற்குள் அப்பா இருக்கிறார்.

மறுநாள் காலையில் சுவாதி வரவில்லை. மத்தியானம் பஸ் வரும் நேரத்துக்கு அவளைக் கழுத்தில் தொங்கவிட்டபடி அவள் அப்பா மோகன்ராஜ் வந்து நின்றான்.

"இன்னா டீச்சர் சொல்லிக் குடுத்தீங்க? பஸ் ஏறுனா நான் குட்டியாயிடுவேனாம். காலைலேர்ந்து சாண் வச்சு அளக்குறா. நேத்தைக்கு இன்னிக்கி ஒரு வெரல் கொறஞ்சிட்டேனாம்."

சசிரேகாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும், ஆசையாய்ச் சொன்ன பாடம் குழந்தைக்குப் பயமாகிவிட்டதே. பஸ் போய்விட்டால் அவனுக்கு இன்றைய வேலையும் போச்சு. இரண்டு தீப்பெட்டிகளைக் கிட்டே ஒன்றும் எட்டத்தில் ஒன்றுமாக வைத்துக் காட்டினாள்.

"தீப்பெட்டில அப்பா இல்லியே" என்றாள் சுவாதி.

பஸ் வந்து ஹாரன் அடித்தது. டீச்சர் பால்வாடி ஆயாவைக் கூப்பிட்டாள்.

"லூர்தம்மாக்கா, பசங்கள வச்சுக்கினு வாசல்லயே நில்லுங்க." டிரைவர் வெங்கடேசனிடம், "அண்ணே, அந்த வளைவு வரைக்கும் நானும் பாப்பாவும் வர்றோம்."

"ஏறுங்க டீச்சர். ஒங்களுக்கு ஐடி கார்டு வாணாம்."

கடைசி சீட்டில் அப்பா மடியில் நின்று சுவாதி பின்கண்ணாடி வழியே பார்த்தாள். பால்வாடி சுருங்கியது. பிள்ளைகளில் ஜோயல் பென்சில் அளவானான். வாசலை அடைத்து நின்ற லூர்தம்மாள் புளியங்கொட்டை ஆனாள். சுவாதி திரும்பி அப்பா மூக்கைப் பிடித்துப் பார்த்தாள். முழுசாக இருந்தது.

"ஆயாவுக்கு வலிக்குமா டீச்சர்?"

"போய் அவங்களயே கேப்போம்."

வளைவில் இறங்கி இருவரும் திரும்பி நடந்தார்கள். அடிக்கு அடி ஆயா வளர்ந்துகொண்டே வந்தாள். கிட்டே வந்ததும் சுவாதி ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டாள்.

"ஆயா, நீ இத்துனூண்டு ஆயிட்ட."

"அப்டியா? டாக்டரு சொல்லி ரெண்டு வருசமா எளைக்காதவ, ரெண்டு நிமிசத்துல எளைச்சிட்டனா?" ஆயா குலுங்கினாள்.

அன்றைக்குச் சுவாதி போட்ட படத்தில் தாள் முழுக்கப் பஸ் ஜன்னல். அதில் அப்பா தலை. ஓரத்தில் ஒரு புள்ளி. அது ஆயாவாம்.

மறுநாள் அப்பாவைப் படியேற்றிவிட்டதே அவள்தான்.

"அப்பா, நான் குட்டியாத் தெரிவேன். சும்மாதான். அழுவாம போ."