பெண் பார்க்க வந்தவர்களும் கீசர் பார்க்க வந்தவர்களும்

எங்கள் கட்டடத்தில் முதன்முதலில் பிளாஸ்டிக் ஜன்னல் போட்டது எதிர் வீட்டு சனோபர்தான். தாஷ்கந்தில் அந்தக் குளிர்காலம் ரொம்பக் கடுமை. எங்கள் வீட்டு மர ஜன்னலில் காற்று விசிலடிக்கும். அவள் வீட்டிலோ மெழுகுவர்த்தி ஏற்றினால் சுடர் அசையாது. "ஒரு பொட்டுக் காத்து உள்ள வராது ஹோசியத்" என்று என்னிடம் அவள் பெருமை அடித்துக்கொண்டது எத்தனை தடவை என்று கணக்கில்லை.

அதெல்லாம் அவள் புருஷன் எர்கினின் கைவேலை. ட்ராலி பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் ஸ்பேனர் இல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. ஜன்னலை மாட்டி முடித்ததும் அடுப்புக்கு மேலே புகை இழுக்கிற ஃபேன் ஒன்றை மாட்டினார். அதுவும் முடிந்ததும் பழைய கேஸ் கீசரைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றைச் சமையலறைச் சுவரில் தொங்கவிட்டார்.

"கேஸ் ஆபீஸ் ஆளைக் கூப்பிட்டு மாட்டச் சொல்லுங்கப்பா" என்றாள் மகள் ஓய்தீன். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள்.

"ஆள் எதுக்கு? ஒரு முழு ட்ராலி பஸ்ஸையே பிரிச்சு மாட்டினவன் நான். இது என்ன, சுவத்துல தொங்குற டப்பா!"

சுவரில் புகை போக இருந்தது ஒரே ஒரு துவாரம். கீசருக்கும் அது வேண்டும், ஃபேனுக்கும் அது வேண்டும். எர்கின் இரண்டுக்கும் சண்டை வராதபடி, அக்கார்டியன் மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும் தகரக் குழாயை வாங்கி வந்து, இரண்டையும் சேர்த்து அந்த ஒரே துவாரத்தில் செருகிவிட்டார். காற்றோட்டத்துக்கென்று மூலையில் இருந்த சின்னச் சல்லடை வழியாகக் குளிர் வருகிறது என்று சனோபர் முணுமுணுத்தாள். அதன்மேல் ஒரு காலண்டரை ஆணியடித்து மாட்டிவிட்டார். காலண்டரில் அழகான மலைக்காட்சி.

அதற்கப்புறம்தான் அந்த வீட்டில் தலைவலி ஆரம்பித்தது. சாயங்காலம் சமையல், குளியல் என்று வீடு சுறுசுறுப்பாகும் நேரத்தில் மூன்று பேரும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். கூண்டில் இருந்த எர்கினின் காடைகூடக் கூவுவதை நிறுத்திவிட்டது.

"கண்ணு பட்டுருச்சு" என்று முடிவு கட்டினாள் சனோபர். "பொண்ணுக்கு வரன் வர்ற நேரமில்ல? அதான்." இசிரிக் செடியைச் சட்டியில் கொளுத்தி வீடு முழுக்கப் புகை காட்டினாள். காற்றே நுழையாத வீட்டில் அந்தப் புகையும் வெளியே போக வழியில்லாமல் சுற்றிச் சுற்றி வந்தது. தலைவலி இரட்டிப்பானது. "பாத்தியா, எவ்வளவு பெரிய கண்ணு!" என்றாள்.

அப்போதுதான் அவள் தங்கையிடமிருந்து போன் வந்தது. நல்ல இடம், பையன் பெயர் இக்ரோம், ரயில்வேயில் என்ஜினீயர், அவன் அம்மாவும் சித்தியும் வியாழக்கிழமை மத்தியானம் பெண் பார்க்க வருவார்கள். "ஆனா அக்கா, அந்தம்மா சல்தனத் பெரிய தந்திரக்காரி. பொண்ணு பாக்க வந்திருக்கோம்னு சொல்லமாட்டா. வேற ஏதாவது சாக்கு சொல்லிட்டு உள்ள வந்து, வீட்டை இருக்கிறபடியே பாப்பா. நீயும் கண்டுபிடிச்ச மாதிரி காட்டிக்காத."

வியாழக்கிழமை காலையிலிருந்தே நான் அங்கே இருந்தேன். ஆட்டுக்கறி அடைத்த சம்சா சுட ஒரு கை குறைந்ததால் என்னைக் கூப்பிட்டிருந்தாள். மேஜை நிறைய பாதாம், அல்வா, கற்கண்டு, புது ரொட்டிகள். எர்கின் நல்ல கோட் போட்டுக்கொண்டு கூடத்தில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். ஓய்தீன் உள்ளறையில் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தது. கதவைத் திறந்தால் கனமான கோட் போட்ட இரண்டு பெண்மணிகள். முன்னால் நின்றவள் நெடுநெடுவென்று உயரம், கையில் தோல் பை. பின்னால் குள்ளமாக இன்னொருத்தி.

"அஸ்ஸலாமு அலைக்கும். கேஸ் ஆபீஸ்ல இருந்து வர்றோம். என் பேரு மஸ்தூரா. இவங்க ரானோ. உங்க வீட்டு கீசரைப் பாக்கணும்" என்று அட்டையை நீட்டினாள் உயரமானவள்.

சனோபர் அட்டையைப் பார்க்கவே இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள்.

"கீசரா! பாக்கலாமே! வாங்க வாங்க, நல்லாப் பாருங்க. உங்களுக்குக் காட்டாம யாருக்குக் காட்டப் போறோம்!"

இரண்டு பேரையும் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, கோட்டைக் கழற்றி வாங்கி, மெத்தையில் உட்காரவைத்துவிட்டாள். நான் தேநீர் ஊற்றினேன். டீயை வாங்கும்போது மஸ்தூரா கொஞ்சம் மிரண்டுதான் போயிருந்தாள். கேஸ் ஆபீஸ்காரர்களை எந்த வீட்டிலும் இப்படி வரவேற்பதில்லை போலிருக்கிறது.

"கீசர் புதுசா?" என்று ஆரம்பித்தாள்.

சனோபர் என் காதில் கிசுகிசுத்தாள். "பாத்தியா? பொண்ணைத்தான் இப்படிச் சுத்தி வளைச்சுக் கேக்குறா." பிறகு சத்தமாக, "புத்தம் புதுசு அக்கா. எங்களுக்கு இருக்கிறது அது ஒண்ணுதான். கண்ணுக்குக் கண்ணா வச்சிருக்கோம்."

"இதுவரைக்கும் யாராவது வந்து பாத்திருக்காங்களா?"

"நீங்கதான் முதல்ல. மத்தவங்களை வாசப்படியே மிதிக்க விடல."

"அதுதான் தப்பு" என்றாள் மஸ்தூரா. "வருஷா வருஷம் யாராவது வந்து பாக்கணும்."

சனோபருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வருஷா வருஷமா? ஆனாலும் சமாளித்துக்கொண்டு அல்வாத் தட்டை நகர்த்தினாள்.

"எரியிறப்போ சத்தம் கித்தம் வருதா?"

"அதிர்ந்து ஒரு வார்த்தை வராது. இருக்கிற இடம் தெரியாது."

"புகையுதா?"

"ஐயையோ! எங்க குடும்பத்துல யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது!"

மஸ்தூரா ரானோவைப் பார்த்தாள். ரானோ சம்சாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி... தண்ணி எப்படி? தினமும் எவ்வளவு நேரம் ஓடும்?"

சனோபரின் முகம் சிவந்தது. எர்கினை ஒரு முறை முறைத்துவிட்டு, "தினமும் எல்லாம் இல்லக்கா. யாரோ சொன்னதைக் கேட்டு வந்திருக்கீங்க. இவரு எப்பவாவது கல்யாணம் காட்சின்னா ஒரு கிளாஸ். அதுக்கு மேல தொடவே மாட்டாரு" என்றாள்.

"ரெண்டு கிளாஸ்" என்று திருத்தினார் எர்கின். நேர்மையான மனிதர்.

நான் தலைக்குட்டையின் நுனியை வாயில் அடைத்துக்கொண்டேன். மஸ்தூரா டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "நேரா சமையலறைக்கே போயிடலாம்மா."

"போலாமே! அங்கதானே எல்லாம் தெரியும்" என்றாள் சனோபர். பாத்திரங்களை இரவெல்லாம் தேய்த்து வைத்திருந்தாள்.

மஸ்தூரா பாத்திரங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கீசரைப் பார்த்தாள். அதன் தலையிலிருந்து கிளம்பி, ஃபேன் குழாயோடு பின்னிக்கொண்டு, தொய்ந்து, வளைந்து, சுவருக்குள் போகிற தகரக் குழாயைப் பார்த்தாள். காலண்டரைத் தூக்கிப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த மரியாதை எல்லாம் போய்விட்டது.

"இதை மாட்டினது எந்த மகராசன்?"

"நான்தான் தங்கச்சி" என்று நெஞ்சை நிமிர்த்தினார் எர்கின். "எல்லாம் என் கையாலதான்."

ரானோ பையிலிருந்து சோப்பு நுரையை எடுத்து கேஸ் குழாயின் இணைப்புகளில் தடவினாள். ஒரு மூட்டில் நுரை மெதுவாகக் கொப்புளித்தது. சனோபர் அதையும் ஏதோ சடங்கு என்று நினைத்துப் புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். ரானோ ஸ்பேனரால் ஒரு திருகு திருகி, மறுபடி நுரை போட்டாள். கொப்புளம் நின்றது.

"வெந்நீரைத் திறங்க. அந்த ஃபேனையும் போடுங்க" என்றாள் மஸ்தூரா.

கீசர் புஸ்ஸென்று பற்றியது. மஸ்தூரா மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை எடுத்து, கீசரின் தலைப்பக்கத்தில் புகை மேலே ஏறுகிற இடத்தின் ஓரமாகப் பிடித்தாள். "புகை ஒழுங்கா வெளிய போனா, காகிதம் உள்பக்கமா ஒட்டிக்கணும்."

காகிதம் ஒட்டவில்லை. அவள் மூக்கை நோக்கிப் படபடவென்று அடித்தது.

அடுத்த நொடி அவள் போட்ட சத்தத்தில் தட்டிலிருந்த பாதாம் சிதறியது. "ஃபேனை அணை! தண்ணியை மூடு! ரானோ, ஜன்னலைத் திற! எல்லாரும் கூடத்துக்குப் போங்க, அங்கயும் ஜன்னலைத் திறங்க!"

மைனஸ் குளிர் வீட்டுக்குள் பாய்ந்தது. சம்சாக்கள் நிமிஷத்தில் ஆறிப்போயின.

"வீட்டுல யாருக்காவது தலைவலி, மயக்கம்?" என்று கேட்டாள் மஸ்தூரா.

"எல்லாருக்கும்" என்றேன் நான். சனோபர் என் தொடையைக் கிள்ளினாள். நோய்நொடி இருக்கிற குடும்பம் என்று நினைத்துவிடுவார்களாம்.

"இருக்காதா பின்ன? ஃபேன் இழுக்கிற இழுப்புல கீசர் புகையெல்லாம் வெளிய போகாம வீட்டுக்குள்ளேயே திரும்புது. அதுல இருக்கிற விஷவாயு கண்ணுக்கும் தெரியாது, வாசமும் இருக்காது. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா குளிக்கப் போனவங்க எந்திரிச்சே வந்திருக்க மாட்டாங்க. இதுக்கு நான் இன்னைக்கே சீல் வச்சு முடிச்சிட்டுத்தான் போவேன்."

சனோபரின் காதில் விழுந்தது "இன்னைக்கே", "முடிச்சிட்டு" என்ற இரண்டு வார்த்தைகள் மட்டும்தான்.

"இன்னைக்கே முடிச்சிடலாமா!" அவள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ஓடிப்போய் இரண்டு ரொட்டிகளை எடுத்து வந்து மஸ்தூராவின் கையில் திணித்தாள். ரொட்டியைப் பிய்த்துவிட்டால் எங்களிடம் சம்பந்தம் நிச்சயமான மாதிரி. "பிச்சிடுங்க அக்கா. உங்க கையாலேயே பிச்சிடுங்க."

"வேலை நேரத்துல நாங்க சாப்பிடறது இல்லம்மா" என்று ரொட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மஸ்தூரா பையிலிருந்து கம்பியும் ஈய வில்லையும் குறடும் எடுத்தாள். கீசருக்குப் போகிற கேஸ் வால்வை மூடி, கம்பியைச் சுற்றி, வில்லையை வைத்துக் குறடால் ஒரு நசுக்கு நசுக்கினாள்.

எந்த மாமியாரும் பெண் பார்க்கப் போகும்போது குறடு கொண்டு போகமாட்டாள். சனோபருக்கு அப்போதுதான் விளங்கியது. ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"அப்ப நீங்க... நெஜமாவே கேஸ் ஆபீஸா?"

"பின்ன சர்க்கஸ்ல இருந்தா வந்தோம்?"

மறுபடியும் மணி அடித்தது. நான்தான் போய்த் திறந்தேன். பட்டுச் சால்வை போர்த்திய இரண்டு பெண்மணிகள் நின்றார்கள். "இங்க ஏதோ வீடு வாடகைக்கு வருதுன்னு சொன்னாங்க..." என்று இழுத்தாள் ஒருத்தி. சல்தனத்!

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து சனோபரின் குரல் இடித்தது. "வாடகைக்கு எதுவும் இல்ல! வெந்நீர் இல்ல, அடுப்படியில புகை, ஜன்னல் பூராத் திறந்து கிடக்கு, புருஷன் ரெண்டு கிளாஸ் குடிப்பாரு! வேற ஏதாவது தெரியணுமா?"

சல்தனத் அசந்துவிட்டாள். ஆனால் திரும்பிப் போகிற ரகமில்லை. சால்வையை இறுக்கிக்கொண்டு நேராகக் கூடத்துக்கே வந்துவிட்டாள். அங்கே எர்கின் மஸ்தூராவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"யாரு உங்களை வரச்சொன்னது? நாங்க கூப்பிடவே இல்லையே!"

"நான்தான் கூப்பிட்டேன்."

உள்ளறை வாசலில் ஓய்தீன் நின்றிருந்தாள். பட்டு உடை, அதன்மேல் அப்பாவின் பழைய ஸ்வெட்டர், குளிரில் சிவந்த மூக்கு.

"சாயங்காலமானா தலை வலிக்குது, வெளிய போனா சரியாயிடுது. அப்பா கிட்ட நாலு தடவை சொன்னேன், சிரிச்சாரு. அம்மா கிட்ட சொன்னேன், இன்னும் கொஞ்சம் புகை போட்டாங்க. அதான் கேஸ் ஆபீஸுக்குப் போன் பண்ணிட்டேன். இன்னைக்கே வருவாங்கன்னு தெரியாது." பிறகு விருந்தாளிகளைப் பார்த்துத் தலைகுனிந்து, "மன்னிச்சுக்குங்க, டீ ஆறிப்போச்சு. வேற போட்டுத் தர்றேன்" என்றாள்.

சனோபர் முகத்தை மூடிக்கொண்டாள். அப்பனுக்குத் தெரியாமல் ஆபீஸுக்குப் போன் பண்ணுகிற பெண்ணை எவள் மருமகளாக எடுப்பாள்?

சல்தனத் ஓய்தீனைக் கவனிக்கவே இல்லை. திறந்த கதவு வழியாகச் சமையலறைச் சுவரில் தொங்குகிற அக்கார்டியன் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா" என்று மஸ்தூராவைக் கேட்டாள், "இந்த மாதிரிக் குழாய் தப்பா?"

"எதுக்குக் கேக்குறீங்க?"

"எங்க வீட்டுலயும் இப்படித்தான் சுத்திச் சுத்திப் போகுது. எங்க வீட்டுக்காரர் மாட்டினது." குரலைத் தாழ்த்தினாள். "எனக்கும் இப்ப ஒரு மாசமா தலைவலி. பையன் கல்யாணக் கவலைன்னு நினைச்சேன்."

மஸ்தூரா கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். "வீடு எங்க?"

அப்படியாக, பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணோடு இரண்டு வார்த்தைகூடப் பேசாமல், கேஸ் ஆபீஸ்காரர்களைக் கூட்டிக்கொண்டு படியிறங்கினார்கள். ரானோ மட்டும் ஆறிப்போன சம்சாவில் ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே அந்த வீட்டு கீசருக்கும் சீல் விழுந்தது. வெந்நீர் இல்லாத இரண்டு குடும்பத்துப் பெண்களும் ஞாயிற்றுக்கிழமை பொதுக் குளியல் கூடத்துக்குத்தானே போகவேண்டும்? அங்கே ஆவிக்கு நடுவில், தலையில் துண்டு கட்டிய கோலத்தில், சனோபரும் சல்தனத்தும் ஒரே கல் பெஞ்சில் அருகருகே உட்கார்ந்தார்கள். அங்கே சாக்கும் இல்லை, சால்வையும் இல்லை. முதுகை ஒருத்திக்கொருத்தி தேய்த்துக்கொண்டு புருஷன்மார்களைத் திட்டத் தொடங்கினார்கள். மத்தியானம் வரை திட்டினார்கள்.

"உன் பொண்ணு மட்டும் போன் பண்ணாம இருந்தா" என்றாள் சல்தனத் நடுவில், "இந்நேரம் எங்க வீட்டுல யாரு இருந்திருப்போமோ, யாரு போயிருப்போமோ. அவ எங்க வீட்டுக்கு வரணும். ஆனா அவளும் இக்ரோமும் முதல்ல பேசிப் பாக்கட்டும்."

பேசிப் பார்த்தார்கள். பூங்காவில் இரண்டு முறை, டீக்கடையில் ஒரு முறை. என்ன பேசினார்கள் என்று ஓய்தீன் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாவது முறை திரும்பி வந்தபோது, "அவரு கேக்குறாரும்மா. சொன்னா கேக்குறாரு" என்றாள். ரொட்டி பிய்த்தாயிற்று.

கேஸ் ஆபீஸ் அனுப்பிய ஆள் வந்து, கீசருக்குத் தனியாக, நேராக, கெட்டியான குழாய் போட்டான். ஃபேனின் குழாயைப் பிரித்து வெளிச்சுவர் வழியாக விட்டான். மலைக்காட்சியைக் கழற்றிச் சல்லடையைத் துடைத்தான். குளிக்கும்போது ஜன்னலை ஒரு விரல்கடை திறந்து வைக்கச் சொன்னான். எர்கின் பக்கத்திலேயே நின்று, குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தார். கிடைக்கவில்லை. மஸ்தூரா வந்து சீலை உடைத்து, காகிதத்தைப் பிடித்தாள். அது சமர்த்தாக உள்ளே போய் ஒட்டிக்கொண்டது. எர்கின் அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே, முதல் தடவை ட்ராலி பஸ்ஸைப் பார்த்தபோதுகூட அப்படிப் பார்த்திருக்கமாட்டார். இன்னொரு தடவை பிடிக்கச் சொன்னார். பிறகு தானே பிடித்துப் பார்த்தார்.

அன்றிலிருந்து எங்கள் கட்டடத்தில் யாருக்கும் நிம்மதி இல்லை. சட்டைப் பையில் காகிதத் துண்டுகளோடு மாடி மாடியாக ஏறி இறங்குகிறார். "எப்ப கடைசியா ஆபீஸ்ல இருந்து ஆள் வந்து பாத்தாங்க? சொந்தமா கை வச்சீங்களா? கை வைக்கக் கூடாது, தெரியுமில்ல?" என்று மிரட்டுகிறார். சொந்தமாகக் கை வைப்பவர்களைப் பற்றி அவர் பேசுகிற பேச்சைக் கேட்டால், பிறந்ததிலிருந்து ஸ்பேனரையே தொடாத மனிதர் என்று நினைப்பீர்கள்.

நேற்று என் வீட்டுக்கு வந்தார். மாவுக்கையோடு கதவைத் திறந்தேன்.

"ஹோசியத், தண்ணியைத் திற."

"போன வாரம்தானே பாத்தீங்க அண்ணே?"

"போன வாரம் காத்து வேற பக்கம் அடிச்சுது" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்து உள்ளே நுழைந்தார். நான் தண்ணீரைத் திறந்தேன்.