தோமாசா அத்தை சமைத்த பீன்ஸ்

தோமாசா அத்தையை மூன்றாம் அத்தியாயத்தில் நான்தான் கொன்றேன். ஆறாம் அத்தியாயத்தில் அவள் அடுப்படியில் நின்று கறுப்பு பீன்ஸ் தாளித்துக்கொண்டிருந்தாள். அதையும் நான்தான் எழுதினேன். இரண்டுக்கும் நடுவே இரண்டு மாதம் கரும்பு வெட்டப் போய் இடுப்பொடிந்து வந்ததில், அவள் செத்தது எனக்கு மறந்தே போயிற்று.

இது வீட்டோடு போயிருந்தால் பரவாயில்லை. புதன்கிழமை மதியம் எங்கள் சுருட்டுத் தொழிற்சாலையில் இருநூறு பேர் காதில் விழுந்துவிட்டது.

கூடத்து மேடையில் உட்கார்ந்து எங்களுக்கு வாசித்துக் காட்டுவது ஒலெகாரியோ. காலையில் செய்தித்தாள், மதியம் நாவல். முப்பது வருடமாக அதுதான் அவர் பிழைப்பு. புது நாவலை ஒரு வாரம் வாசிப்பார், வெள்ளிக்கிழமை கை தூக்கி ஓட்டு. பாதிக்கு மேல் கை எழுந்தால் நாவல் முடிவு வரை ஓடும். இந்த வாரம் என் நாவல். அது தோற்றால் வாசிக்க, தலையணை கனத்தில் ஒரு கடல் கதை மேசை மேல் தயாராக இருந்தது.

நான் சுருட்டு சுற்றுகிறவன் இல்லை, கிடங்கிலிருந்து புகையிலைப் பொதி சுமந்து வருகிறவன். நாற்பத்தொரு வயதில் எழுத்துப் படித்தேன். மதிய ஓய்வில் பொதி மேல் உட்கார்ந்து எழுதியதுதான் இந்த நாவல். பன்னிரண்டாம் அத்தியாயம் எனக்கே பிடித்திருந்தது. அதை அவர்கள் கேட்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

“உப்புப் போதுமா என்று கேட்டாள் தோமாசா அத்தை” என ஒலெகாரியோ வாசித்ததும் ஒரு கத்தி தரையில் விழுந்தது. பிடித்திருந்தால் இலை வெட்டும் கத்தியைப் பலகையில் தட்டுவோம். பிடிக்காவிட்டால் தரையில் எறிவோம். தொடர்ந்து நாற்பது கத்திகள் விழுந்தன.

“யோவ் எவரிஸ்தோ!” என்று எழுந்தான் பர்த்தோலோ. கூடத்திலேயே பெரிய வாய் அவனுக்கு. “செத்தவ எப்படிய்யா உப்புப் பாப்பா?”

“புதைச்ச எடத்துல போரடிச்சிருக்கும்” என்றாள் பக்கத்துப் பலகை மிக்தாலியா.

“அது கெடக்கட்டும்” என்றான் பர்த்தோலோ. “ஒன் கதாநாயகன் கேப்டன் ஹவானாவுல பத்தவச்ச சுருட்டு, ரயில்ல சந்தியாகோ போய் எறங்கற வரைக்கும் அணையல. அது சுருட்டா, சர்க்கரை ஆலைப் புகைபோக்கியா?”

சுருட்டு சுற்றுகிறவர்கள் முன்னால் இப்படி ஒரு கேள்வி. வேறு யாராவதாக இருந்தால் அன்றே வேலையை விட்டிருப்பான்.

அன்று வேலை முடிந்ததும் நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு மிக்தாலியாவிடம் போனேன். ஐம்பது சுருட்டுக்கு ஒரு கட்டு, கட்டுக்கு ஒரு சீட்டு, அதில் சுற்றியவர் எண் என்பது எங்கள் வழக்கம். அவள் வெற்றுச் சீட்டுகளை எடுத்து, கதையில் வருகிற ஒவ்வொருவருக்கும் ஒன்று போட்டாள். உயிரோடா, செத்தாச்சா, எந்த ஊரில், வாயில் சுருட்டு உண்டா.

“பதினோரு தப்பு, அண்ணே. வியாழக்கிழமை ரெண்டு தடவ வருது. அதக்கூட மன்னிச்சுடலாம். ஆனா உங்க கதாநாயகி ரொசாவுரா வலப்பாதி இலைய இடப்பாதி மாதிரி சுத்தறாளே, நரம்பு வெளிய துருத்தாது? இதுக்கு உங்களத் தூக்குலயே போடலாம்.”

“அத்தைய என்ன பண்ண?”

“சாவ எடுத்துடுங்க. காய்ச்சல்னு போடுங்க.”

போட்டேன். மூன்றாம் அத்தியாயத்தையே கிழித்து, சாவு வீட்டைக் காய்ச்சல் வீடாக்கினேன். மற்ற பத்தையும் சரிசெய்தேன். நாவல் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி ஆகிவிட்டது. மூன்றாம் அத்தியாயத்தைத் திங்கட்கிழமையே வாசித்தாகிவிட்டது என்பது மட்டும் எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் உறைக்கவில்லை.

வியாழன் மதியம் ஒலெகாரியோ, “காய்ச்சலிலிருந்து மீண்ட தோமாசா அத்தை” என்று தொடங்கினார். மூத்த தொழிலாளி குமெர்சிந்தா மெல்ல எழுந்தாள்.

“அப்போ திங்கக்கிழம நான் அழுதேனே, அது யாருக்கு?”

முன்னால் கிடந்த சுருட்டுகளைக் கையால் காட்டினாள்.

“என் மூக்குத் தண்ணி பட்டு நாலு சுருட்டு பாழாப் போச்சு. இப்ப வெறும் காய்ச்சலாம்ல!”

“அந்தச் சாவு வீட்டுலதான கேப்டன் ரொசாவுராவப் பாத்தான்?” என்றான் பர்த்தோலோ. “சாவே இல்லன்னா காதல் எங்கேருந்து வந்துச்சு? தபால்லயா?”

இந்த முறை எத்தனை கத்தி விழுந்தது என்று யாரும் எண்ணவில்லை. ஆலங்கட்டி மழை போலிருந்தது.

“காதுக்குள்ள போனத ரப்பர் வச்சா அழிக்க முடியும்? நானும் ஒரு மடச்சி” என்று மிக்தாலியா தலையில் அடித்துக்கொண்டாள். “அத்தை செத்தது செத்ததுதான், அண்ணே. இனிமே வர்றதுலதான் எதாவது பண்ணணும்.”

வெள்ளிக்கிழமை காலை இரண்டு பொதிக்கு நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதி, மை காயுமுன் ஒலெகாரியோ கையில் திணித்தேன். அவர் வாசித்தார். அத்தை சாகவில்லை, செத்தது போல நடித்தாள். இருபது வருடமாகக் குறட்டையால் கூரையைப் பெயர்த்த புருஷனிடமிருந்து தப்பிக்க வேறு வழி அவளுக்குக் கிடைக்கவில்லை. சவப்பெட்டிக்குள் இருந்தது புகையிலைத் தண்டு. காய்ச்சல் என்பது அவள் கேப்டன் வீட்டில் ஒளிந்துகொண்டு அவிழ்த்துவிட்ட பொய்.

பெண்கள் பக்கம் ஒரு முனகல் எழுந்தது. நல்ல முனகல்.

“நிறுத்துங்க!” என்றான் பர்த்தோலோ. “பெட்டியத் தூக்கின நாலு பேருக்கு எடை தெரியாதா?”

ஒலெகாரியோ தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எடையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. நான் முதுகில் பொதியோடு வாசலில் நின்றிருந்தேன்.

“தண்டு மூட்டை ஒண்ணு நூத்திப்பத்து ராத்தல்டா!” என்று கத்தினேன். “அத்தையும் அவ்வளவுதான். தெனம் நாப்பது தூக்கறேன், எனக்குத் தெரியாதா?”

“நாப்பது அத்தையவா?”

கூடம் சிரித்தது. எங்கோ ஒரு கத்தி பலகையில் தட்டியது. பிறகு பத்து, பிறகு வரிசை வரிசையாக.

ஓட்டு எடுத்தார்கள். ஒலெகாரியோ இரண்டு தடவை எண்ணினார்.

“சரியா நூறு. ஒண்ணு கொறையுது.”

எல்லோரும் குமெர்சிந்தாவைப் பார்த்தார்கள். அவள் கைகட்டி உட்கார்ந்திருந்தாள்.

“அத்தை என்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்” என்றாள். “என் பேரச் சொல்லி.”

“திங்கக்கிழம கேப்பா” என்றேன்.

“அழுதுக்கிட்டே கேக்கணும்.”

“அழுவா.”

கை மேலே போனது. கதை நடப்பது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐந்தில். குமெர்சிந்தா அப்போது பிறக்கவே இல்லை. அவளை எந்த வழியாக உள்ளே கொண்டுபோவது என்று யோசித்தபடியே அடுத்த பொதிக்குக் குனிந்தேன்.