ஆறாவது குண்டூசி

கிராம்பு எண்ணெயில் நனைத்த பஞ்சைக் கடைவாயில் அடக்கிய கொஞ்ச நேரத்தில் வலி அடங்கியது. அப்பாடா என்றிருந்தது தையற்காரிக்கு. கத்தரிக்கோல் மடியிலேயே கிடந்தாலும் நூலைப் பல்லால் கடித்து அறுத்தே பழகியவள். அந்தப் பல் எப்போதோ விரிசல் விட்டு, உள்ளே சொத்தை இறங்கி, இப்போது பாதிக் கன்னம் வீங்கிக் கிடந்தது. உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள், ஐஸ் கட்டி ஒற்றினாள், டாக்டரிடம் மட்டும் போகவில்லை.

"பல் டாக்டர் என்ன புலியா? ஒரே பிடுங்கு, தொல்லை விட்டுச்சு," என்றான் எண்ணெய் வாங்கி வந்த கணவன்.

"உங்க பல்லா இருந்தா தெரியும்!"

அவன் வேலைக்குப் போனதும் இன்னொரு பஞ்சு வைத்தாள், இந்த முறை சொட்டச் சொட்ட. உதடு, நாக்கு எல்லாம் மரத்துப் போயின. போகட்டுமே, கைக்கு என்ன வந்தது? பக்கத்துத் தெருக் கைக்குழந்தைக்குத் தைத்த கவுனில் விளிம்பு மட்டும்தான் பாக்கி. வழக்கம்போல ஆறு குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டாள். மடிப்பில் குத்துவதும், தைத்தபின் உருவி மறுபடி வாயில் வைப்பதுமாக அவள் வேலை ஓடும். வாயில் எத்தனை இருக்கிறது என்று கண் பார்க்க வேண்டியதில்லை, நாக்கே சொல்லிவிடும். விளிம்பைத் தைத்து முடிக்கும்போதே குழந்தையின் அம்மா வந்து நின்றாள், அவசரமாகக் கவுனை வாங்கிக்கொண்டு போனாள்.

ஊசிகளை டப்பாவில் துப்பியபோது ஐந்துதான் விழுந்தன.

தரையெல்லாம் காந்தத்தை ஓட்டினாள். வெட்டுத்துணிகளை உதறினாள். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாள், யாருடைய வாயோ போலிருந்தது. விழுங்கியிருப்பேனோ? இல்லை, கவுனிலேயே இருக்கிறதோ? குழந்தையின் அம்மாவுக்குப் போன் போட்டாள், அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினாள். என் வயிற்றுக்குள்ளேயே இருக்கட்டும், அந்தப் பச்சைப்பிள்ளை மேல் ஒரு கீறல் விழக்கூடாது என்று வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது.

குழந்தை அந்தக் கவுனோடுதான் தூங்கிக்கொண்டிருந்தது.

"என்னக்கா, மூஞ்சி இப்படி வீங்கியிருக்கு?"

"ஊசி... கவுன்ல ஊசி இருக்கும்மா, கழட்டு!" குழறியது வாய்.

அம்மாவுக்கு முகம் வெளுத்தது. கவுனை உருவினாள். திடுக்கிட்டு விழித்த குழந்தை வீறிட்டது. தையற்காரி விளிம்பை அங்குலம் அங்குலமாக விரலால் அழுத்திப் பார்த்தாள். உட்புறம் திருப்பிப் பார்த்தாள். அம்மா குழந்தையின் உடம்பைத் தடவிப் பார்த்தாள், தொட்டிலை உதறினாள். ஒன்றுமில்லை.

"எதுவும் இல்லக்கா! உசுரே போயிடுச்சு எனக்கு," அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள் அம்மா. "எங்கயாவது கீழ விழுந்திருக்கும். உக்காருங்க, முதல்ல தண்ணி குடிங்க."

தையற்காரி உட்கார்ந்தாள். குழந்தை தப்பித்தது, அது போதும். மரமரப்பு மெல்ல விலக, பல் மறுபடி விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது. நாக்கு ஒவ்வொரு மூலையாகத் தேடிப் பார்த்து வெறுமனே திரும்பியது. எச்சில் ஊறியது. அதை விழுங்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"குடிங்கக்கா," என்றாள் அம்மா.

இரண்டு கையாலும் தம்ளரைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.