மாற்றி எழுதிய பரிந்துரை

சிரேஷ்ட விரிவுரையாளர் வீரசிங்கம் அவர்கள் மறுக்கவில்லை. தம்மிடம் சமூகவியல் படித்த இருவர் கனடாவில் கலாநிதிப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கிறார்கள் என்பதில் அவருக்கு உண்மையாகவே மகிழ்ச்சி இருந்தது. நேரந்தான் இருக்கவில்லை.

"நீங்களே ஒரு ட்ராஃப்ட் எழுதித் தாங்கோ. நான் பார்த்து என்ர பேரில அனுப்பிவிடுறன்," என்று தொலைபேசியில் சொன்னார். "வடிவா எழுதுங்கோ. கூச்சப்படாதேங்கோ."

பரிந்துரை பெறுகின்றவரே பரிந்துரையையும் எழுதிக் கொடுப்பது அந்தத் துறையில் எவரும் வியக்காத வழக்கம். ஆயினும் மதுஷாவுக்கு அது பெரும் சங்கடமாயிற்று. மதுஷா சிறந்த மாணவி என்று மதுஷாவே எப்படி எழுதுவது? 'வகுப்புகளுக்கு ஒழுங்காகச் சமூகமளிப்பார்' என்ற வாக்கியத்தோடு அவளுடைய பேனா நின்றுவிட்டது.

பசறைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்தில், அவளுடைய வீட்டில் அமர்ந்து அந்த ஒற்றை வாக்கியத்தைப் படித்த ஜெசிந்தன் சிரித்தான்.

"ஒழுங்கா வகுப்புக்கு வருவாராமா? மது, இது கனடாவுக்கா, நர்சரிக்கா?"

அவன் ஹாலிஎல ஊரில் ஆசிரியர் வீட்டுப் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் அவளோடு ஒரே வகுப்பில் இருந்தவன். அவள் அவனை 'நீங்கள்' என்றே அழைப்பாள். அவன் அதைக் கேலி செய்து செய்து அலுத்துப் போயிருந்தான்.

"ஒண்ணு செய்வோம். ஒனக்கு நான் எழுதுறேன், எனக்கு நீ எழுது. அடுத்தவங்களப் புகழ்றதுக்கு என்ன கூச்சம்?"

"ஆனா ஒரு இடந்தான இருக்கு," என்றாள் மதுஷா தயக்கத்துடன். தோட்டப் பெண்களின் உழைப்பைப் பற்றிய ஆய்வொன்றுக்கு முழு உதவித்தொகையுடன் ஒரேயொரு மாணவரைத்தான் அந்தப் பேராசிரியை தேடிக்கொண்டிருந்தார்.

"யாருக்குக் கெடச்சாலும் நம்ம தோட்டத்துக்குக் கெடச்ச மாதிரிதான்."

தேநீர் கொண்டுவந்த இராக்கம்மா, மதுஷாவின் தாய், குறுக்கிட்டாள். "நீங்க எந்தக் காலத்துல தம்பி தோட்டத்துல இருந்தீங்க?"

"எங்க தாத்தா கங்காணிம்மா."

"அதான் வேலைய அடுத்தவங்க கையில குடுக்குறீங்க."

மூவரும் சிரித்தார்கள்.

அவனுக்கான கடிதத்தை மதுஷா ஒரே மூச்சில் எழுதினாள். ஓரிடத்தில் மட்டும் கை தயங்கியது. ஜெசிந்தனின் ஆய்வு கொழுந்து பறிக்கும் பெண்களின் வீட்டு வாழ்க்கையைப் பற்றியது. அவன் லயத்துப் பக்கம் வந்தாலே அந்தப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிச் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். அடுப்படியில் அவர்களோடு அமர்ந்து கேட்டவளும், பதிவு செய்தவளும், பெயர்களை மாற்றித் தட்டச்சு செய்து கொடுத்தவளும் மதுஷாதான். அதனாலென்ன, நண்பன்தானே என்று நினைத்தாள். 'பெண் தொழிலாளர்களின் நம்பிக்கையைத் தமது பொறுமையால் வென்றவர்' என்று எழுதினாள்.

இருவரும் தாம் எழுதிய கடிதத்தை நேரே வீரசிங்கம் அவர்களுக்கு அனுப்பினார்கள். தன்னைப் பற்றி மற்றவர் எழுதியதைக் கேட்டு வாங்கிப் படிப்பது அழகல்ல என்று சொன்னவளும் மதுஷாவேதான்.

நேர்காணலுக்கு அழைப்பு இருவருக்கும் வந்தது. பசறை நகரில் தான் படிப்பிக்கும் டியூஷன் வகுப்பறையில், பிள்ளைகள் போன பின்பு, வாங்குப் பலகையின் மேல் மடிக்கணினியை வைத்து அவள் அமர்ந்தாள். திரையில் தோன்றிய பேராசிரியை மென்மையாகப் பேசுகின்றவர். அவளுடைய ஆய்வுக்குப் பொருளான, மண்சரிவுக்குப் பின் குடியேற்றப்பட்ட குடும்பங்களைப் பற்றி அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் மதுஷா தடுமாறாமல் பதில் சொன்னாள். அவர் குறிப்பெடுத்துக்கொண்டார். ஒருமுறை வாய்விட்டுச் சிரிக்கவும் செய்தார். இந்த இடம் நமக்குக் கிடைக்கக்கூடும் என்று அவள் முதன்முதலாக நம்பியது அப்போதுதான்.

"இறுதியாக ஒன்று," என்றார் அவர். "உங்கள் விரிவுரையாளர் உங்கள் தாயாரைப் பற்றி மிகுந்த அக்கறையுடன் எழுதியிருக்கிறார். மண்சரிவில் கணவரை இழந்தவர், நோயாளி, உங்களைத் தவிர யாருமில்லாதவர் என்று. அவரை விட்டு ஐந்து ஆண்டுகள் இங்கே இருக்க உங்களால் முடியுமா?"

வீரசிங்கம் அவர்களுக்கு மதுஷாவின் தாய் இருக்கிறாளா இல்லையா என்பதே தெரியாது. மீரியபெத்த மண்சரிவில் மண்ணுக்குள் போன அப்பாவைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் அவள் ஒரேயொருவரிடந்தான் சொல்லியிருந்தாள். மழை பெய்த ஒரு நாளில், பதுளைக்கு வந்துகொண்டிருந்த பஸ்ஸில், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள். அப்போது ஜெசிந்தன் தன் கைக்குட்டையை மட்டும் நீட்டினான். அதை அவள் பெரிய மரியாதையாக எண்ணியிருந்தாள்.

அந்தக் கடிதத்தை எழுதியவர் விரிவுரையாளர் அல்ல என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் தான் எழுதிய கடிதமும் வெளியே வரும். அதிலுள்ள பொய்யும் வரும். இந்த மாற்றை அறியாத வீரசிங்கம் அவர்களின் பெயரும் கெடும்.

"தங்களுடைய அக்கறைக்கு மிக்க நன்றி," என்றாள். "அம்மா நலமாகவே இருக்கிறார்."

எதையோ மறைப்பவளின் குரலைப் போலவே அது அவளுடைய காதில் விழுந்தது. பேராசிரியை பரிவோடு தலையசைத்தார்.

மறுப்புக் கடிதம் மிகப் பண்பாக எழுதப்பட்டிருந்தது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெசிந்தன் பதுளையிலிருந்து கேக் பெட்டியுடன் வந்தான். இராக்கம்மா வழக்கம்போல் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

"வாழ்த்துக்கள்," என்றாள் மதுஷா.

"ஒனக்கும் அடுத்த வருஷம் கெடைக்கும், பாரு." அவன் நாற்காலியை முன்னே இழுத்தான். "மது, ஒரு சின்ன விஷயம். அந்தப் பொம்பளைங்க பேசின ரெக்கோடிங் ஒன் போன்லதான இருக்கு? புரொஃபெசர் அதக் கேட்டுப் பாக்கணும்னு சொல்றாங்க. அனுப்பிவிடேன்."

மதுஷா பெட்டியைச் சுற்றியிருந்த நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மாவப் பத்தி ஏன் எழுதுனீங்க?"

அவன் கேக் பெட்டியை மேசையின் ஓரத்துக்குத் தள்ளினான்.

"நல்லதுக்குத்தான். இப்பிடி ஒரு கஷ்டம் இருக்குன்னு தெரிஞ்சா அங்க உள்ளவங்களுக்கு மனசு எறங்கும்."

"எறங்கிச்சு. என்னய வீட்டோடயே இருக்கச் சொல்ற அளவுக்கு எறங்கிச்சு."

"நான் பொய் ஒண்ணும் எழுதலையே. முழங்கால் வலின்னு அம்மாவே சொன்னாங்க."

"இல்ல, பொய் எழுதினது நான்தான்," என்றாள். "ஒங்களுக்காக எழுதினேன்."

ஜெசிந்தன் தேநீரைப் பார்த்தான். அதை எடுக்கவில்லை.

அடுப்படி வாசலில் இராக்கம்மா நின்றிருந்தாள். "அந்தக் கடுதாசில நானும் இருந்தேனா புள்ள?"

"இருந்தீங்கம்மா."

"எப்பிடி இருந்தேன்?"

"நோயாளியா, யாருமில்லாதவங்களா."

இராக்கம்மா வாசலைத் தாண்டி உள்ளே வந்தாள். தினமும் விடியுமுன் எழுந்து, பெரட்டு எனும் காலை ஆள்கணக்கு வரிசையில் நின்று பெயர் கொடுத்து, மலையேறிக் கொழுந்தெடுத்து, மகளைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுவந்து சேர்த்தவள் அவள்.

"அப்ப நாளைக்குப் பெரட்டுக்கு யாரு தம்பி போறது?" என்று கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள், ஆனால் இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"அம்மா, நான் அப்பிடி நெனச்சு..." என்று தொடங்கியவன் நிறுத்திவிட்டு மதுஷாவின் பக்கம் திரும்பினான். "சரி, அதப் பொறகு பேசுவோம். ரெக்கோடிங் இல்லாட்டி எனக்கு அங்க பெரிய சிக்கலாயிரும்."

"தர மாட்டேன்."

கடைக்காரரிடமோ கண்டக்டரிடமோ கூட அவள் அந்தச் சொற்களைச் சொன்னதில்லை. மன்னிப்புக் கேட்கும் சொல் ஏதும் பின்னால் ஒட்டிக்கொள்ளாமல் அவை வந்தது அவளுக்கே புதிதாக இருந்தது.

"ஆம்பளைங்க கேக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் பெரியாயி அக்கா பேசினாங்க. வேணும்னா நீங்களே போய்க் கேளுங்க. அவங்க நம்பிக்கைய வென்றவர்னு கடிதத்துல இருக்கே."

ஜெசிந்தன் எழுந்தான். இராக்கம்மா கோப்பையை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"ஆறிப் போச்சு. குடிச்சிட்டுப் போங்க தம்பி."

அவன் நின்றபடியே குடித்தான். கேக் பெட்டி மேசையில் அவிழ்க்கப்படாமல் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு போவதா, விட்டுவிட்டுப் போவதா என்று அவனுக்கும் தெரியவில்லை போலும். விட்டுவிட்டுப் போனான்.

வழக்கமாக மதுஷா பஸ் நிறுத்தம் வரை உடன் செல்வாள். அன்று வாசலிலேயே நின்றுவிட்டாள். பாதை வளைந்து தேயிலைச் செடிகளுக்குள் மறையும் இடத்தில் அவன் ஒருமுறை திரும்பிப் பார்ப்பான் என்று எதிர்பார்த்தாள். இன்னமும் அப்படி எதிர்பார்த்ததற்காக அவளுக்கு வெட்கமாக இருந்தது.