தங்கராஜா மாஸ்டரின் நாற்காலி

தங்கராஜா மாஸ்டருக்கு இங்கிலீஷ் என்றால் உயிர். அதைவிடத் தன் குரல் என்றால் உயிர். பதுளையில் தன் அப்பாவின் புடவைக் கடை மாடியில் வகுப்பு நடத்தினார். ஏ, ஆன், த என்ற மூன்று சொல்லை வைத்துக்கொண்டே மாதக்கணக்கில் ஓட்டிய மகான்!

உதாரணத்துக்குத் தன் நாற்காலியைத்தான் தட்டிக் காட்டுவார். "ஏதோ ஒண்ணுன்னா 'ஏ சேர்'. எல்லாருக்கும் தெரிஞ்ச இதுன்னா 'த சேர்'. வெளங்குச்சா?"

வெளங்காமல் என்ன? டவுன் பிள்ளைகள் நீள வாங்குப் பலகையில் இருந்தார்கள். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை என்று என் தங்கை சந்திரகாந்தி ஒருத்திதான். முதல் நாளே மூலையில் கிடந்த சாக்கைத் தானே விரித்து உட்கார்ந்தாள். எழுந்து வாங்கில் உட்கார் என்று அந்த மனுஷன் ஒரு நாளும் சொல்லவில்லை. துணைக்குப் போன நானும் சாக்கில்தான் இருந்தேன்.

ஹாலிஎலைக்கு மேலே எங்கள் தோட்டம். அரசாங்கம் எடுத்த பிறகு வெள்ளைக்காரத் துரை போய்ச் சிங்களத் துரை வந்தார், இங்கிலீஷ் மட்டும் போகவில்லை. பிள்ளை மடுவத்தில், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள, இங்கிலீஷ் தெரிந்த பெண் வேண்டுமாம். அது கிடைக்காவிட்டால் சந்திராவும் என்னைப்போலக் கூடையைத் தலையில் மாட்டி மலை ஏற வேண்டியதுதான்.

இன்டர்வியூ அன்று ஆபீஸ் வாசலில் நின்று பார்த்தேன். துரை சிரித்த முகமாகத்தான் சொன்னார். "சிட் ஆன் த சேர்."

அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. "தேங்க் யூ, சார்" என்று அழகாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்! அடிப் பாவி மகளே!

கேட்டதற்கெல்லாம் தரையிலிருந்தே பதில் சொன்னாள். ஒரு பிழை இல்லை. துரை கிளார்க்கரைப் பார்த்துச் சிரித்தார். வேலை பண்டாரவளைப் பெண் ஒருத்திக்குப் போனது.

சனிக்கிழமை வகுப்புக்குப் போனோம். மாஸ்டருக்கு ஒரே கவலைதான்.

"எங்க வுட்ட? 'ஆன்' வர்ற எடத்துல 'ஏ' போட்டியா?"

"எல்லாம் சரியாத்தான் சொன்னேன் மாஸ்டர்" என்றவள், பழையபடி சாக்கை விரிக்கக் குனிந்தாள்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! சாக்கைப் பிடுங்கி எறிந்தேன். மாஸ்டரின் நாற்காலியை இழுத்து அவள் முன்னால் போட்டேன்.

"உக்காருடி. அடுத்த மாசம் லுணுகலைத் தோட்டத்துல இன்டர்வியூவுக்குக் கூப்புட்டிருக்காங்க. அதுவரைக்கும் இதுலயே உக்காந்து பழகு."

சந்திரா மாஸ்டர் முகத்தைப் பார்த்தாள். அவள் தோளை அமுக்கி உட்கார வைத்தேன்.

"அது என் நாற்காலி. நான் எங்கம்மா உக்கார்றது?" என்றார் மாஸ்டர்.

"அந்தா சாக்கு கெடக்கு மாஸ்டர்" என்றேன்.