பட்டிச்சுவருக்கு வெளியே

நோவெத்துவின் கஞ்சா நாற்றுகள் மஞ்சளாகி, நுனி கருகி நின்றன. தாகம் என்று நினைத்து மேலும் மேலும் தண்ணீர் ஊற்றினாள். தண்டு அழுகிச் சாய்ந்ததுதான் மிச்சம். ஒன்றைப் பிடுங்கி வேரடி மண்ணைத் தொட்டாள். சுட்டது. கொழுந்தன் ஸோலிலே எருவென்று மாட்டுப்பட்டிச் சுவருக்கு மேலே தூக்கிப் போட்டதெல்லாம் மக்காத பச்சைச் சாணி; அதன் சூட்டில் வேர் வெந்திருந்தது.

மக்கிய எரு பட்டியின் தூர மூலையில் குவிந்து கிடந்தது. ஆனால் தென்னாப்பிரிக்காவின் போண்டோ இன வழக்கப்படி, மருமகள் புகுந்த வீட்டு மாட்டுப்பட்டிக்குள் கால் வைக்கக் கூடாது.

வெளியே நின்றபடியே கேட்டாள். "பழைய எருதான கேட்டேன், தம்பி?"

பட்டிக்குள்ளிருந்து ஸோலிலே சிரித்தான். "அந்த மூலைவரைக்கும் யாரு நடக்குறது? சாணின்னா சாணிதான். உங்க கைராசி அப்படி, அண்ணி. எங்க அண்ணன் உசிரே உங்க கையில தங்கலியே."

அவள் செத்த நாற்றைச் சுவர்மேல் வைத்தாள்.

"மாடு உள்ள போகுது. அது போட்ட சாணியும் உள்ள கிடக்குது. இத்தனை வருஷம் உழைச்ச நான் மட்டும் வெளிய. உள்ள இருக்குறதெல்லாம் உங்களுது, செத்தது மட்டும் என் ராசியா?"

அவன் குனிந்து, காலடியில் கிடந்ததையே வாரினான். சுவருக்கு மேலே மறுபடியும் பச்சைச் சாணி வந்து விழுந்தது.